16வது மாடியில் காயாத துணி

வணக்கம் ஐயா,

போன வருடம் அங் மோ கியோவில் மூன்றாவது மாடி வீட்டை விட்டு பொங்கோலில் 16வது மாடிக்குக் குடிவந்தோம். சமையலறை ஜன்னலில் கழியை நீட்டித் துணி காயப்போட இன்றுவரை என்னால் முடியவில்லை. கிட்டே போனாலே கால் துவண்டுவிடுகிறது. பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் தன் விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டுக் கடற்கரையும் அலையும் காட்டுகிறான். அரைமணி நேரம் சுகமாக இருக்கிறது. கழற்றினால் பழைய கதைதான். பொய்க் காட்சி மெய்ப் பயத்தைப் போக்குமா?

க., பொங்கோல்

அன்புள்ள க.,

மகனுக்கு நல்ல மனசு. ஆனால் காட்டுகிற படம்தான் தப்பு. நீங்கள் பார்க்கவேண்டியது கடற்கரையை அல்ல, அந்த ஜன்னலை.

மனதைத் திசைதிருப்புவதற்கும் இந்தக் கண்ணாடி உதவும். தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது பனிமலைக் காட்சி காட்டி வலியை மறக்கவைத்திருக்கிறார்கள். கட்டு மாற்றியதும் வேலை முடிந்தது. உங்கள் ஜன்னலோ நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் பின்வாங்கியதும் ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் பயத்துக்குத் தீனி. 'விலகியதால் பிழைத்தோம்' என்று உடம்பு கணக்கு எழுதிக்கொள்கிறது. விலகாமல் நின்று, ஒன்றும் ஆகவில்லை என்று அது தானே பார்த்தால்தான் அந்தக் கணக்கு மாறும்.

பொய்க் காட்சி என்கிறீர்கள். நண்பர் வீட்டில் ஒருமுறை அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வானளாவிய கட்டடத்திலிருந்து நீட்டிய பலகையில் நடந்தேன். காலுக்கடியில் இருந்தது மொசைக் தரை. தெரிந்தும் முட்டி ஆடியது. நண்பரின் பேத்தி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பொய் என்று புத்திக்குத் தெரிவதால் உள்ளே போகத் துணிகிறோம். உடம்புக்குத் தெரியாததால் மருந்து வேலை செய்கிறது.

1995லேயே பார்பரா ராத்பாமும் லாரி ஹாட்ஜஸும் அட்லாண்டாவில் உயரத்துக்கு அஞ்சிய மாணவர்களைக் கணினி வரைந்த கண்ணாடி லிஃப்ட்டிலும் பாலங்களிலும் ஏற்றிப் பார்த்து, பயம் குறைந்ததாக எழுதினார்கள். 2018இல் ஆக்ஸ்ஃபர்டில் டேனியல் ஃப்ரீமன் குழு 100 பேரை வைத்துச் சோதித்தது. பாதிப்பேருக்கு மட்டும் இந்தச் சிகிச்சை. கூடவே இருந்து வழிநடத்தியதும் கணினிக்குள் இருந்த ஒரு பெண் உருவம்தான். இரண்டு வாரத்தில் சராசரியாக இரண்டு மணி நேரம். அவர்களின் பயம் சராசரி 68 விழுக்காடு குறைந்தது. எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை.

கண்ணாடிக்குள் இரண்டாவது மாடியில் தொடங்கி, நெஞ்சுப் படபடப்பு தணியும்வரை நின்று, பிறகு நான்காவது. நடுவில் கண்ணை இறுக மூடிக்கொண்டால் பலனில்லை, அதுவும் ஓட்டம்தான். மகனுக்குத் தெரிந்த வேலை இல்லை இது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொன்னால் உளவியலாளரிடம் அனுப்புவார்கள். தலைச்சுற்றலோ வலிப்போ இருந்திருந்தால் அங்கே மறைக்காதீர்கள். கண் நகர்வதைப் பார்க்க, அசைவை உணரும் உள்காது நகரவில்லை என்று சொல்ல, இந்தக் கண்ணாடி சிலருக்குக் குமட்டலைக் கொடுக்கும்.

கண்ணாடிக்குள் மட்டும் தேறினால் போதாது. வெளியிலும் ஏறவேண்டும். நம் சிங்கப்பூரின் ஹெண்டர்சன் வேவ்ஸ் நடைபாலம் 36 மீட்டர் உயரம். ஏறக்குறைய உங்கள் வீட்டு உயரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கெல்லாம் பிறகு போகலாம். இப்போது வீட்டில் துணி காயப்போடுவது மகன்தான் என்று நினைக்கிறேன். அவனே போடட்டும். நீங்கள் இரண்டடி தள்ளி நின்று கிளிப்பை எடுத்துக்கொடுங்கள்.