வராந்தாவில் நடக்கவிட்டவர்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு வலது கை நடுங்குகிறது. சேலத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். பலகையில் மூன்று பட்டங்கள், அவ்வளவுதான். அப்பாவை வராந்தாவில் நடக்கவிட்டார், நாலு வரி எழுதச் சொன்னார், பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுத்துவிட்டார். ஸ்கேன்கூட எடுக்கவில்லை. கட்டணமோ அதிகம். அரசு வேலையை விட்டு வந்தவராம். இவரை நம்பலாமா, பெங்களூருக்குப் போகலாமா?

ச., ஏற்காடு

அன்புள்ள ச.,

கட்டணத்துக்கு நான் பஞ்சாயத்து செய்ய முடியாது. அவர் அரசு வேலையை விட்டது அவர் பாடு. அந்த மூன்று பட்டங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு 5½ ஆண்டு, பொது மருத்துவத்தில் எம்.டி. 3, அதன்மேல் நரம்பியலில் டி.எம். 3. நுழைவுத் தேர்வுகளுக்குக் காத்துக்கிடந்த காலம் தனிக்கணக்கு. இத்தனைக்குப் பிறகு ஒருவர் உங்கள் அப்பாவை நடக்கவிட்டுப் பார்க்கிறார். நீங்கள் "அவ்வளவுதான்" என்கிறீர்கள்.

என்ன பார்த்திருப்பார் தெரியுமா? ஒரு கை வீசுகிறது, மற்றது உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. திரும்புவதற்கு நாலைந்து சிற்றடி. எழுத்து வரிக்கு வரி சிறுக்கிறது. இந்த நோயில் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. வேறு நோயோ என்ற சந்தேகம் வந்தால்தான் எடுப்பார்கள். 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை எழுதியபோது அவர் கையில் இருந்தது ஆறே பேர். அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. பட்டத்துக்கும் ஸ்கேனுக்கும் அலைகிற உங்களுக்கு, வீட்டுக்குள் இருப்பவரைப் பார்க்கத் தெரியவில்லையே!

எனக்கும் தெரியவில்லை. என் அப்பா செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் இருந்தார். சாமணத்தைப் பிடித்துவிட்டால் கை சிலைபோல நிற்கும். கீழே வைத்ததும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருநீறு உருட்டுவதுபோல உருளத் தொடங்கும். வேலையில் நடுங்காத கை சும்மா இருக்கும்போது மட்டும் நடுங்குமா, நடிக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். அப்பா காதில் விழும்படியே சொன்னேன். சும்மா இருக்கும்போது நடுங்குவதுதான் நோயின் அடையாளம் என்று பிறகு ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னார். அப்போது அப்பாவின் கூலி நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எண்கள் எறும்பளவு ஆகியிருந்தன. மாதாமாதம் கூட்டிப் போட்டவன் நான்தான்.

பெங்களூர் எங்கும் ஓடிவிடவில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அவரிடமே போங்கள், அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகளோடு. போவதற்கு முன் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் ஊரில் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை அவருக்கு எப்போதிலிருந்து தெரியவில்லை? சில பேருக்குக் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது போய்விடுகிறது.