தடைதாண்டும் குதிரைகளோடு ஒரு சீசன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வேலை நிமித்தம் இங்கிலாந்து வந்து இப்போது நியூபரியில் இருக்கிறேன். போன குளிர்காலத்தில் அலுவலக நண்பர்கள் இங்குள்ள பந்தயத் திடலுக்குக் கூட்டிப் போனார்கள். வேலி தாண்டி ஓடும் குதிரைகளை அன்றுதான் நேரில் பார்த்தேன். சின்ன வயதில் கிண்டி ரேஸ் கோர்ஸ் மதிலை ஒட்டித்தான் பள்ளிக்குப் போய்வந்தேன். ஆனால் இது வேறு உலகமாக இருந்தது. இப்போது புது சீசன் சூடுபிடிக்கிறது. 'இந்த வருடம் கவனிக்க வேண்டிய குதிரைகள்' என்று திரும்பிய பக்கமெல்லாம் பட்டியல்கள். ஒன்றில் இருக்கும் பெயர் இன்னொன்றில் இல்லை. எனக்குப் பணம் கட்டும் பழக்கம் கிடையாது, தொடங்கும் எண்ணமும் இல்லை. ஒரு குதிரை இந்த வருடம் தேறும் என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? நானாகத் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். குதிரைகள் விழுகின்றன, சில சாகவும் செய்கின்றன. இதை ரசிக்கலாமா?

அன்புடன்,
எஸ்., நியூபரி

அன்புள்ள எஸ்.,

பணம் கட்டாமல் பார்க்கப் போகிறீர்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தடைதாண்டும் குதிரைகளின் பெரிய திருவிழா மார்ச்சில் நடக்கும் செல்டனம் பந்தயங்கள். அவற்றுக்குப் பந்தய நிறுவனங்கள் அக்டோபரிலேயே விலை போட்டுவிடும். விலை என்றால், கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற விகிதம். பட்டியல்களில் பாதி அந்த விலையைப் பார்த்து எழுதப்படுபவை. விலை குறைந்த குதிரை நல்ல குதிரை என்று அவை சொல்கின்றன. அது ஊர் என்ன நினைக்கிறது என்பதைத்தான் சொல்லும், குதிரையைப் பற்றி அதிகம் சொல்லாது. அந்த விலைக்கு இப்போதே பணம் கட்டி, மார்ச்சில் குதிரை ஓடாமல் போனால் பெரும்பாலும் கட்டியது போனதுதான். நீங்கள் அந்தக் கவலை இல்லாமல் குதிரையை மட்டும் பார்க்கலாம்.

இந்த விளையாட்டில் குதிரைகளைத் தொடர முடிகிறது என்பதே பெரிய விஷயம். கிண்டியிலோ இங்கிலாந்தின் எப்சமிலோ நடப்பது தடையில்லாத சமதள ஓட்டம். அங்கே மூன்று வயதில் டெர்பி ஜெயிக்கும் குதிரை பல நேரம் அந்த வருடக் கடைசியிலேயே இனப்பெருக்கப் பண்ணைக்குப் போய்விடும். தடைதாண்டும் குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்ட ஆண் குதிரைகள். அவற்றுக்குப் பண்ணை வாழ்க்கை கிடையாது. அதனால் பத்து, பதினொரு வயது வரைகூட ஓடுகின்றன. கௌட்டோ ஸ்டார் என்ற குதிரை 2006 டிசம்பரில் கெம்ப்டன் திடலில் கிங் ஜார்ஜ் சேஸை முதல் முறை ஜெயித்தபோது அதற்கு ஆறு வயது. (சேஸ் என்றால் பெரிய வேலிகளைத் தாண்டும் ஓட்டம்.) ஐந்தாவது முறை ஜெயித்தது 2011ல், பதினொரு வயதில். அந்த வருடம் மே மாதம் அயர்லாந்தின் பஞ்ச்ஸ்டவுனில் அது ஓட்டத்தை முடிக்கவே இல்லை, ஜாக்கி பாதியில் நிறுத்திவிட்டார். போதும், ஓய்வு கொடுத்துவிடுங்கள் என்று பலர் சொன்னார்கள். நவம்பரில் ஹேடாக்கில் திரும்ப வந்து, செல்டனத்தின் தலைமைப் பந்தயமான கோல்டு கப்பை அந்த வருடம் வென்ற இளைய குதிரை லாங் ரன்னை முந்தியது. டிசம்பரில் கெம்ப்டனில் மறுபடியும் முந்தியது. ஒரு குதிரையைப் பல குளிர்காலங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இரண்டு மாதம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். ரேஸ் புத்தகத்தில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் எண்களும் எழுத்துகளும் வரிசையாக இருக்கும். 1 என்றால் ஜெயித்தது, F என்றால் விழுந்தது, P என்றால் பாதியில் நிறுத்தப்பட்டது. புதிதாக வருபவர் இந்த வரிசையைப் படித்துவிட்டு முடிவு கட்டுவார். நான் சொல்வது, போன சீசனின் முடிவைப் படித்ததோடு நிற்காமல் அந்த முடிவு எப்படி வந்தது என்று காணொளியில் போய்ப் பாருங்கள். அடுத்த வருடத்துக்கான சேதி அங்கேதான் இருக்கிறது.

கலோப்பின் டே ஷோம் என்ற குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லி மல்லின்ஸ் என்ற ஐரிஷ் பயிற்சியாளரின் லாயத்துக் குதிரை. 2022 செல்டனத்தில் முதல் வருடக் குதிரைகளுக்கான சேஸில் ஓடியது. கடைசி வேலிக்கு வரும்போது பத்து லெங்த்துக்கும் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) மேல் முன்னால் இருக்கிறது, பின்னால் வந்த பாப் ஒலிங்கர் களைத்துவிட்டது. வேலியையும் சுத்தமாகத் தாண்டிவிட்டது. இறங்கிய இடத்தில் முன்னங்கால்கள் மடங்கி, மூக்கு தரையில் உரச, ஜாக்கி பால் டவுனெண்ட் முன்பக்கமாகப் போய் விழுந்தார். பாப் ஒலிங்கர் ஜெயித்தது. புத்தகத்தில் கலோப்பினுக்கு F என்று பதிவானது. ஆனால் அந்த ஓட்டத்தை முழுதாகப் பார்த்தவர்களுக்கு வேலிக்கு வேலி அது எடுத்த இடைவெளி மறந்திருக்காது. 2023லும் 2024லும் கோல்டு கப்பை ஜெயித்தது அதே குதிரைதான்.

எங்கே தொடங்குவது என்றால், என் பதில் ஒன்றுதான்: போன வருடம் ஹர்டிலில் நன்றாக ஓடி, இந்த வருடம் முதல் தடவையாகப் பெரிய வேலிக்கு வரும் குதிரையில் தொடங்குங்கள். ஹர்டில் என்பது குறைந்தது மூன்றரை அடி உயரம், இடித்தால் சாயும். பெரிய வேலி குறைந்தது நான்கரை அடி, பிர்ச் மரக் குச்சிகளை நெருக்கிக் கட்டியது, சாயாது. ஹர்டிலில் வேகத்தை வைத்துக்கொண்டு தவறுகளை மறைத்துவிடலாம். வேலி ஒன்றையும் மறைக்காது. போன வருடத்துச் சூரன் இதில் திணறுவதும், யாரும் கண்டுகொள்ளாத ஒன்று மலர்ந்து வருவதும் ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கிறது. அயர்லாந்தில் பண்ணை நிலங்களில் நடக்கும் பாயிண்ட்-டு-பாயிண்ட் பந்தயங்களிலிருந்து வந்த குதிரைகளை இங்கே தனியாகக் கவனியுங்கள். அவை நான்கு வயதிலேயே மூன்று மைல் தூரம் வேலி தாண்டிப் பழகியவை. அங்கே ஜெயித்தவுடன் ஏலத்துக்கு வந்து லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போவதும் உண்டு. அவற்றுக்கு ஹர்டில் இடைக்காலம் மாதிரி, பெரிய வேலிதான் சொந்த வீடு.

பார்க்கும்போது கண்ணை வைக்க வேண்டிய இடம் வேலிக்கு முந்தைய மூன்று எட்டுகள். தேர்ந்த குதிரை தூரத்திலிருந்தே வேலியை அளந்து தன் எட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். காது முன்னால் நிமிர்ந்திருக்கும். ஜாக்கி கை அசையாமல் உட்கார்ந்திருப்பார். தடுமாறும் குதிரை கடைசி எட்டில் குட்டையாக இன்னொரு எட்டு வைத்து, கிட்டத்தில் போய் எம்பும். இறங்கும்போது அரை லெங்த் போய்விடும். கோல்டு கப்பில் 22 வேலிகள். ஒவ்வொன்றிலும் அரை லெங்த் போனால் கணக்கு என்ன ஆகும்! அப்புறம், வேலியில் எந்தப் பக்கம் சாய்ந்து தாண்டுகிறது என்றும் பாருங்கள். இடப்பக்கமாக ஒதுங்கும் குதிரை இடமாகத் திரும்பும் செல்டனத்தில் சமாளித்துவிடும், வலமாகத் திரும்பும் கெம்ப்டனில் வேலிக்கு வேலி தூரத்தை இழக்கும்.

திடலும் தரையும் எவ்வளவு செய்யும் என்பதற்கு பிரிஸ்டல் டி மாய் என்ற வெள்ளைக் குதிரையைச் சொல்வேன். ஹேடாக்கில் நவம்பர் கடைசியில் நடக்கும் பெட்ஃபேர் சேஸை 2017, 2018, 2020 என்று மூன்று முறை ஜெயித்தது. 2017ல் மழையில் ஊறிய சேற்றில் 57 லெங்த் வித்தியாசம்! அடுத்த மாதம் கெம்ப்டனில் வெற்றிக்குக் கிட்டவே வரவில்லை. அதே குதிரைதான், ஒரு மாதத்தில் அது மோசமாகிவிடவில்லை. ஆகவே உங்கள் குறிப்பில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் அது எந்தத் தரையில், எந்தத் திடலில், எத்தனை மைல் ஓட்டத்தில் நன்றாக ஓடியது என்று எழுதி வையுங்கள். அக்டோபரில் மழை தாமதமாகி, சேறு விரும்பும் குதிரை லாயத்திலேயே நின்றுவிட்டால் உடனே பெயரை அடிக்க வேண்டாம். அதன் காலம் ஜனவரியில் வரும்.

முதல் ஓட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதையும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கோடை முழுக்கப் புல்வெளியில் நின்ற குதிரை அது. பல பயிற்சியாளர்கள் முதல் ஓட்டத்துக்குக் குதிரையை முழுத் தயாரிப்போடு அனுப்புவதில்லை. அதை ஓடவிட்டு உடம்பை இறுக்குவார்கள். 2025 கோல்டு கப்பை ஜெயித்த ஐநோதவேயுர்திங்கின் என்ற குதிரை அந்த சீசனில் அதற்கு முன்பு ஓடிய எதையும் ஜெயிக்கவில்லை. பிப்ரவரியில் ஐரிஷ் கோல்டு கப்பில் நான்காவதாக வந்தது. ஏப்ரலில் ஏன்ட்ரி திடலில் நடக்கும் கிராண்ட் நேஷனலுக்கென்று வைத்திருந்த குதிரையை, கடைசி நேரத்தில் 25,000 பவுண்டு கட்டி கோல்டு கப்பில் சேர்த்தார்கள். கலோப்பினின் மூன்றாவது கோல்டு கப்பைத் தடுத்தது அதுதான். ஆனால் முந்தின வருடம் செல்டனத்திலும் ஏன்ட்ரியிலும் அது தூரம் கூடக்கூட வலுத்துக்கொண்டே போனதைப் பார்த்தவர்கள் பிப்ரவரியிலும் கைவிட்டிருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம் அல் பூம் ஃபோட்டோ என்ற குதிரை. புத்தாண்டு அன்று அயர்லாந்தின் ட்ரமோரில் ஒரு ஓட்டம், நேராக மார்ச்சில் கோல்டு கப். இப்படியே 2019லும் 2020லும் ஜெயித்தது. சில குதிரைகள் குறைவாக ஓடுவது அவற்றின் பயிற்சியாளர் அவற்றை அறிந்திருப்பதால்தான்.

இங்கிலாந்தில் 2018 முதல் மூச்சுக்குழாய் அறுவைச் சிகிச்சை செய்த குதிரை என்றால் ரேஸ் புத்தகத்தில் சொல்ல வேண்டும் என்று விதி. போன சீசன் கடைசி அரை மைலில் திணறிய ஒரு குதிரை கோடையில் அந்தச் சிகிச்சையோடு வந்தால் அதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். குதிரைகளை மதிப்பிடும் டைம்ஃபார்ம் நிறுவனம் தரும் மதிப்பெண்ணுக்குப் பின்னால் சின்ன p போட்டிருந்தால், இது இன்னும் வளரும் என்று பொருள். அந்த p உள்ளவற்றைப் பார்த்துக்கொள்வதும் நல்லது.

ரசிக்கலாமா என்று கேட்டீர்கள். நானும் இதைப் பல தடவை நினைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் தடைதாண்டும் பந்தயங்களில் ஓடக் களமிறங்கும் ஆயிரம் குதிரைகளுக்கு ஏறத்தாழ நான்கு உயிரிழக்கின்றன. இதை மறைத்துவிட்டு இந்த விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. 2002, 2003, 2004 என்று மூன்று கோல்டு கப் ஜெயித்த பெஸ்ட் மேட் 2005 நவம்பர் 1ஆம் தேதி எக்ஸ்டரில், அந்த சீசனின் முதல் ஓட்டத்திலேயே, ஜாக்கி நிறுத்திய பிறகு சரிந்து விழுந்து இறந்தது. ஒரு குதிரையைத் தொடர்வது என்றால் இந்தச் செய்தி வரும் நாளையும் ஏற்றுக்கொண்டுதான் தொடர வேண்டும்.

மாற்றங்கள் நடக்கின்றன என்பதும் உண்மை. வேலியடியில் இருக்கும் எம்பு பலகைக்கு ஆரஞ்சு நிறம் பூசியிருந்தார்கள். நமக்குப் பளிச்சென்று தெரியும், குதிரையின் கண்ணுக்கு அது பச்சைப் புல்லோடு கலந்துவிடுகிறது என்று எக்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. இப்போது வெள்ளைக்கு மாறிவிட்டார்கள். இத்தனை வருடம் மனிதக் கண்ணை வைத்துக் குதிரைக்கு வழி காட்டியிருக்கிறார்கள்! கிராண்ட் நேஷனலில் 2024 முதல் 40க்குப் பதில் 34 குதிரைகள்தான். முதல் வேலியைத் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஆரம்ப வேகத்தையும் குறைத்தார்கள். இவை போதும் என்று நான் சொல்லவில்லை. குதிரைகளைப் பெயரோடும் குணத்தோடும் அறிந்தவர்கள் கூட்டத்தில் அதிகமானால் இந்தக் கேள்விகள் இன்னும் பலமாக எழும் என்று நம்புகிறேன். நான் தொடர்ந்து பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐந்து குதிரைகள் போதும். வேலிக்குப் புதிதாக வருபவை இரண்டு, வேலியில் இரண்டாவது வருடம் காணும் ஒன்று, பம்பர் எனப்படும் தடையில்லாத ஓட்டத்தில் ஜெயித்து ஹர்டிலுக்கு வரும் ஒன்று, பத்து வயதைத் தொட்ட பழைய குதிரை ஒன்று. பெயர்களை நீங்களே தேர்ந்தெடுங்கள், நான் சொல்லப் போவதில்லை. ஏப்ரல் கடைசி வரை மாற்றாதீர்கள். நவம்பர் கடைசியில் உங்கள் ஊரிலேயே பெரிய பந்தயம் இருக்கிறது, கோரல் கோல்டு கப் (செல்டனத்து கோல்டு கப் வேறு). 1957ல் தொடங்கிய இதை ஹென்னெசி என்ற பழைய பெயரில்தான் பலர் இன்னும் சொல்கிறார்கள். ஆர்க்கிள் என்ற குதிரை இரண்டு முறை ஜெயித்தது. திறமையான குதிரைக்கு எடை கூட்டி ஓடவிடும் இந்தப் பந்தயத்தில் டென்மன் என்ற குதிரை 2007லும் 2009லும் மற்றவற்றைவிட அதிக எடை சுமந்து ஜெயித்தது. அன்றைக்கு அரங்கில் உட்கார வேண்டாம். வேலிக்கு எவ்வளவு பக்கத்தில் விடுவார்களோ அங்கே போய் நில்லுங்கள். உங்கள் ஐந்தில் ஏதாவது அன்று ஓடினால், எப்படித் தாண்டியது என்று எனக்கு எழுதுங்கள்.