கன்னியாகுமரி மாவட்டத்தில் ட்ரோன் பறக்கவிட இடம் எங்கே? கேள்வி பதில்

பொழுதுபோக்குக்காக ட்ரோன் பறக்கவிடுவோர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வானத்துக்கு ஓர் அனுமதி வேண்டும், நீங்கள் நிற்கும் தரைக்கு இன்னோர் அனுமதி வேண்டும். முதலாவதை அரசின் வரைபடம் காட்டும். இரண்டாவதை நீங்களே கேட்டுப் பெற வேண்டும்.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, நம் மாவட்டத்தில் யாரிடமும் அனுமதி வாங்காமல் சட்டப்படி பறக்கவிட ஓர் இடம் சொல்லுங்கள்.

தம்பி, 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி, நாட்டின் வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் வரைபடமாக வெளியிடப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் தரையிலிருந்து 400 அடி வரை பறப்பதற்கு வான்வழி அனுமதி எதுவும் தேவையில்லை. மஞ்சள் பகுதிக்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், சிவப்புப் பகுதிக்கு மத்திய அரசின் அனுமதியும் வேண்டும்.

விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள் பகுதிதான். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் மஞ்சள். நமக்கு அருகிலுள்ள விமான நிலையங்கள் திருவனந்தபுரமும் தூத்துக்குடியும்தான்; களியக்காவிளையில் நின்றாலும் திருவனந்தபுரத்தின் 12 கிலோமீட்டர் வட்டம் உங்களைத் தொடாது. பெருநகரங்களில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. ஆனால் நம் எல்லையை ஒட்டியே கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகமும் இருப்பதால், மாவட்டத்தின் கிழக்கிலும் வடகிழக்கிலும் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் ஒரு அடி கூட மேலே ஏற்றாதீர்கள்.

இனி தரை. நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பது நாஞ்சில் நாட்டு வயல்களைத்தான். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, அடுத்த பருவமான கன்னிப்பூவுக்கு உழவு தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளியில் வயல் காய்ந்து கிடக்கும். ஆள் நடமாட்டம் குறைவு. மின்கம்பிகள் எங்கே போகின்றன என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். தவறி விழுந்தாலும் யார் தலையிலும் விழாது. வயலின் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலோர் மறுப்பதில்லை. விடுமுறை நாளில் உங்கள் கல்லூரி மைதானத்தில் பறக்கவிட முதல்வரிடம் எழுத்தில் அனுமதி பெறுவது இரண்டாவது நல்ல வழி. சொந்தத் தென்னந்தோப்பு இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். ஓலைகளுக்கு நடுவே புதியவர்கள் பறக்கவிடுவதை நான் விரும்புவதில்லை.

கடைசியாக, வரைபடத்தைப் பறக்கவிடும் அன்று காலையில் பாருங்கள். நேற்றுப் பார்த்தது இன்றைக்குப் போதாது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓரிடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க விதியில் இடமுண்டு.

மார்த்தாண்டம்: என்னுடையது 249 கிராம். 250 கிராமுக்குள் இருந்தால் எந்த விதியும் கிடையாது என்று விற்றவர் சொன்னார். சரிதானா?

சரியில்லை. 250 கிராம் வரை உள்ளவை நானோ வகை. அவற்றுக்கு வகைச் சான்றிதழ் (அந்த மாடலுக்கான தரச் சான்று), ரிமோட் பைலட் சான்றிதழ் (பறக்கவிடுபவருக்கானது), மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றிலிருந்து விலக்கு உண்டு. பதிவு எண்ணும் வரைபடமும் அந்த விலக்கில் சேரவில்லை. சிவப்புப் பகுதி நானோவுக்கும் சிவப்புதான். மேலும், அந்த 250 கிராம் என்பது பறக்கும்போது உள்ள மொத்த எடை; இறக்கைக் காப்பு வளையமோ பெரிய பேட்டரியோ மாட்டினால் உங்கள் 249 கிராம் எல்லையைத் தாண்டி மைக்ரோ வகைக்குள் போய்விடும். மைக்ரோவை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்றாலும் காப்பீடு தேவைப்படும்.

குளச்சல்: அண்ணன் துபாயிலிருந்து அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அங்கே ட்ரோன் விலை குறைவு, வாங்கி வரச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் மாவட்டம் நம்முடையது என்பதால் இதை எல்லா இடத்திலும் சொல்லி வருகிறேன். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 9 முதல் முழுமையாகச் செய்யப்பட்ட ட்ரோனையும், பிரித்துக் கொண்டுவந்து பொருத்தும் ட்ரோனையும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதற்குத் தடை உள்ளது. ஆராய்ச்சி, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே விதிவிலக்கு. பயணப் பெட்டியில் ஒன்றே ஒன்று என்பதால் தடை விலகிவிடாது. திருவனந்தபுரத்தில் சுங்கத் துறையினர் அதைப் பறிமுதல் செய்தால், ஆண்டுக்கொரு முறை ஊருக்கு வரும் உங்கள் அண்ணன் குடும்பத்தைப் பார்ப்பதற்கு முன் அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். எப்படியோ வெளியே வந்துவிட்டாலும், முறையாக வராத கருவியைப் பதிவு செய்ய உங்களிடம் ஆவணம் இருக்காது. உதிரிபாகங்களின் இறக்குமதிக்கு இந்தத் தடை இல்லை. மோட்டார், சட்டகம், கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றை உள்நாட்டுக் கடைகளில் தனித்தனியாக வாங்கி நீங்களே பொருத்திப் பழகுங்கள். செலவும் குறையும், பழுதானால் கழற்றவும் தெரிந்திருக்கும்.

கன்னியாகுமரி: முக்கடல் சங்கமத்தில் சூரிய உதயத்தை எடுக்க ஆசை. விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம் மூன்றையும் ஒரே காட்சியில் எடுக்க முடியுமா?

ஆசை நியாயமானது, 133 அடிச் சிலையையும் 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பாலத்தையும் மேலிருந்து பார்க்க யாருக்குத்தான் விருப்பம் இருக்காது? ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். வரைபடம் அன்று எந்த நிறத்தைக் காட்டினாலும், நீங்கள் நிற்கும் கரையில் அதிகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருப்பார்கள், படகுகள் போய்வந்துகொண்டிருக்கும், முக்கியப் பிரமுகர்கள் அடிக்கடி வரும் இடம் என்பதால் காவல்துறையின் கண் எப்போதும் அங்கே இருக்கும். மாவட்ட நிர்வாகத்திடமும் அந்தந்த நினைவிடத்தின் பொறுப்பாளர்களிடமும் எழுத்தில் அனுமதி பெற்றால் எடுங்கள். இல்லையென்றால் முக்காலியில் கேமராவை வைத்துக் கரையிலிருந்தே எடுங்கள்.

திருவட்டார்: மாத்தூர் தொட்டிப் பாலத்தில் எவ்வளவு உயரம் வரை போகலாம்? பாலத்தின் மேல் நின்று ஏற்றினால் அங்கிருந்து 400 அடியா?

இப்படி யோசித்துக் கேட்பவர்கள் குறைவு என்பதால் விரிவாகவே சொல்கிறேன். 400 அடி என்பது ட்ரோனுக்கு நேர்க்கீழே உள்ள தரையிலிருந்து கணக்கிடப்படுவது. உங்கள் கையிலுள்ள திரையோ, கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரத்தைத்தான் காட்டும். தொட்டிப் பாலம் பறளியாற்றுக்கு மேல் ஏறத்தாழ 115 அடி உயரத்தில் நிற்கிறது. பாலத்தின் மேலிருந்து கிளப்பி ஆற்றின் மேல் பறக்கும்போது திரை 285 அடி என்று காட்டினாலே, தரையிலிருந்து நீங்கள் 400 அடியைத் தொட்டுவிட்டீர்கள். மருந்துவாழ்மலை உச்சியிலிருந்து கிளப்புகிறவர்களும் இதே கணக்கைப் போட வேண்டும். சரிவைத் தாண்டி வெளியே போகப் போக உங்கள் வரம்பு குறைந்துகொண்டே வரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆற்றங்கரையில் கீழே நின்று கிளப்பினால், 'வீடு திரும்பும்' உயரத்தை 30 மீட்டர் என்று விட்டுவைக்காதீர்கள். 115 அடி என்றால் 35 மீட்டர். சமிக்ஞை அறுந்து ட்ரோன் தானாகத் திரும்பும்போது நேராகத் தொட்டியின் பக்கச்சுவரில் மோதும்; அந்த நேரத்தில் மேலே நடந்துபோகிறவர்கள் குழந்தைகளுடன் வந்தவர்களாக இருப்பார்கள். 60 மீட்டராவது வையுங்கள், கூட்டமுள்ள நாளில் போகவே போகாதீர்கள். பாலம் அரசின் பாசனக் கட்டுமானம் என்பதால் மேலிருந்து கிளப்புவதற்குப் பொறுப்பாளரின் அனுமதியும் வேண்டும்.

கருங்கல், வழக்கறிஞர்: ஐயா, உங்கள் பதில்களோடு உடன்பட முடியவில்லை. பச்சைப் பகுதியில் அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசின் விதியே சொல்லும்போது, காவல்துறை, நிர்வாகம், பொறுப்பாளர் என்று நீங்களே புதிய தடைகளை உருவாக்குகிறீர்கள். மக்களுக்குக் கிடைத்த உரிமையை நாமே விட்டுக்கொடுக்கலாமா?

விதியைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருந்தது. 2021ஆம் ஆண்டு விதிகளில் பச்சைப் பகுதிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பழையதை நினைவில் வைத்துக் கேட்கும் காவலரிடம் இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

ஆனால் பச்சை என்பது வானத்தின் நிறம் மட்டுமே என்பதை உங்களைப் போன்ற சட்டம் தெரிந்தவர்கள் மறக்கலாகாது. அடுத்தவர் நிலத்தில் நின்று ஏற்றும் உரிமையை அது தருவதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவின்கீழ் (பழைய 144) பிறப்பிக்கப்படும் தடை உத்தரவை அது நீக்குவதில்லை. ஆற்றுப் படித்துறையிலும் அருவியிலும் பெண்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது மேலே கேமரா நின்றால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்கீழ் வழக்கு வரலாம். பச்சை நிறம் அங்கே காப்பாற்றாது. உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, அதன் எல்லை எங்கே முடிகிறது என்றுதான் சொல்கிறேன்.

பூதப்பாண்டி: வழக்கறிஞர் ஐயா சொல்வதுதான் சரி. பச்சைப் பகுதியில் என் சொந்த வயலில் பறக்கவிட்டபோது ரிமோட்டை வாங்கிவைத்துக்கொண்டு மாலை வரை அலைக்கழித்தார்கள். தகவல் சொன்னாலும் இதேதான் நடக்கும்.

உங்களுக்கு நடந்தது தவறு, அதை நியாயப்படுத்த மாட்டேன். அன்று உங்களிடம் மூன்று தாள்கள் இருந்திருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும் என்று நம்புகிறேன்: பதிவு எண் சான்று, அன்று காலை நேரத்துடன் எடுத்த வரைபடத்தின் அச்சுப்படி, நிலத்தின் பட்டா நகல். தொலைவிலிருந்து பார்க்கும் காவலருக்கு அணுமின் நிலையமும் இஸ்ரோவும் அருகிலுள்ள ஊரில் மேலே ஏதோ பறக்கிறது என்பது மட்டுமே தெரியும். அவருடைய கவலை வெறும் அதிகாரம் அல்ல.

கருங்கல், வழக்கறிஞர்: தாள்களைக் காட்டிய பிறகும் பறிமுதல் செய்தால்?

எதை, எப்போது, எந்தப் பிரிவின்கீழ் எடுக்கிறார்கள் என்று எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். தர மறுத்தால் மேலதிகாரிக்கு மனு கொடுங்கள். அதற்கு மேல் உள்ள வழிகளை எங்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் அதைச் செய்ய உங்களைப் போன்றவர்கள் முன்வந்தால் நன்றியோடு இருப்போம். இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொண்டு மற்றவர்களுக்கு வருகிறேன்.

தக்கலை: திருமண வீடியோ எடுக்க ட்ரோன் வாங்கியுள்ளேன்.

அது வணிகப் பயன்பாடு, இந்தப் பகுதிக்குள் வராது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் ரிமோட் பைலட் சான்றிதழ் பெற வேண்டும். வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.

கொட்டாரம்: விவேகானந்தர் பாறையைப் படகில் போய்ப் படகிலிருந்தே எடுக்கலாமா?

மேலே கன்னியாகுமரி நண்பருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். படகில் போனாலும் பதில் மாறாது. ஆடும் படகில் ட்ரோனைத் திரும்ப இறக்குவது கூடுதல் ஆபத்து.

தேரூர்: எங்கள் குளத்துக்குப் பறவைகள் வந்திருக்கின்றன. ட்ரோனில் எடுத்தால் அழகாக இருக்கும் அல்லவா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டவை. பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இரைதேடி உடல் தேற்றிக்கொள்ளும் பறவைகளுக்கு, தலைக்கு மேல் இரைச்சலோடு வரும் ட்ரோன் ஒரு வல்லூறாகத்தான் தெரியும். கூட்டம் மொத்தமும் எழுந்து பறக்கும் காட்சி உங்கள் திரையில் அழகாக இருக்கலாம். ஒவ்வொரு முறை அப்படி எழும்போதும், திரும்பிப் போவதற்காகச் சேர்த்த கொழுப்பை அவை வீணாகச் செலவழிக்கின்றன. இதை விதியாக மட்டும் சொல்லவில்லை, வேண்டுகோளாகவும் சொல்கிறேன். சாலையோரத்தில் நின்று தொலைநோக்கியில் பாருங்கள்.

ஆரல்வாய்மொழி: காற்றாலைகளுக்கு நடுவே பறக்கவிடலாமா?

முதலில் வரைபடம், மகேந்திரகிரி உங்களுக்குப் பக்கம். பச்சையாகவே இருந்தாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் நெருக்கப்பட்டு வேகமெடுப்பதால்தான் முப்பந்தலில் காற்றாலைகளே வந்தன. காற்றோடு போகும்போது ட்ரோன் விரைந்து போகும், பேட்டரி பாதி இருப்பதாகக் காட்டும். திரும்பும்போது எதிர்க்காற்றில் அந்தப் பாதி போதாது. எங்கே பறக்கவிட்டாலும் முதலில் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் காலை நேரம் நல்லது.

குலசேகரம்: பேச்சிப்பாறை அணை, கீரிப்பாறை காடு?

இரண்டும் வேண்டாம். அணைக்கு நீர்வளத் துறையின் அனுமதியும், காட்டுக்கு வனத்துறையின் அனுமதியும் வேண்டும். பொழுதுபோக்குக்கு அவை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அஞ்சுகிராமம்: வட்டக்கோட்டை?

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அனுமதியில்லாமல் கூடாது.

சுசீந்திரம்: இரவில் விளக்கொளியில் கண்ணாடிப் பாலத்தை எடுக்கலாமா?

இதே இடத்தைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேள்வி வருகிறது. பகலில் கூடாது என்றால் இரவிலும் கூடாது. மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

மண்டைக்காடு: எங்கள் கடற்கரையில் கரைமடி (கரையில் நின்று இழுக்கும் மீன்வலை) இழுப்பதை மேலிருந்து எடுக்க விரும்புகிறேன். கடலுக்குள் 500 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறார்களே?

அந்த 500 மீட்டர் கணக்கு 2018ஆம் ஆண்டு விதிமுறையில் இருந்தது. இப்போது வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும்போது ட்ரோன் உங்கள் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும் என்பதால், கடலுக்குள் வெகுதூரம் போகும் தேவையே வராது. உங்களுக்கு அருகில் மணவாளக்குறிச்சியில் இந்திய அருமணல் ஆலை உள்ளது. அது அணுசக்தித் துறையின்கீழ் இயங்குவது. எனவே தென்கிழக்குப் பக்கம் திரும்பாமல் எடுங்கள். மடியை இழுக்கிறவர்களிடம் முந்தின நாளே பேசி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் போங்கள். கயிறு இழுக்கும் வரிசைக்கு நேர்மேலே நிற்காமல் பக்கவாட்டில் 30 மீட்டராவது விலகி நில்லுங்கள்; செம்பருந்து வட்டமிட்டால் உடனே இறக்கிவிடுங்கள். உப்புக்காற்று பட்ட மோட்டாரை அன்றே ஈரமில்லாத துணியால் துடைத்து வையுங்கள்.