சென்சாரில் தூசியா? கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

கேமராவுக்குள் படம் பதியும் பாகமான சென்சாரைச் சுத்தம் செய்வது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதற்கு நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வானத்தை எடுத்தால் மட்டும் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. வீட்டுக்குள் எடுக்கும் படங்களில் ஒன்றும் இல்லை. லென்ஸ் போய்விட்டதா சார்? (கோவை)

லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூசி சென்சார் பக்கம் இருக்கிறது, அதுவும் நேரடியாக சென்சாரின் மேல் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குள் நீங்கள் எஃப்/2.8, எஃப்/4 என்று லென்ஸின் துளையை (அபெர்ச்சரை) அகலத் திறந்து வைத்து எடுப்பீர்கள், அப்போது ஒளி பல கோணத்திலிருந்து வந்து விழுவதால் தூசியின் நிழல் கலைந்துபோகும். வெயிலில் எஃப்/16, எஃப்/22 என்று மூடியதும் ஒளி ஒரே பக்கமாக வருகிறது, நிழல் அப்படியே பதிகிறது. வானம் வெறுமையாக இருப்பதால் தூசி மறைந்துகொள்ள இடமும் இல்லை.

சோதித்துப் பார்க்க: ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப்/22, ஃபோகஸை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். ஷட்டர் ஒரு நொடி, இரண்டு நொடி ஆனாலும் பரவாயில்லை, கேமராவை லேசாக ஆட்டுங்கள். சுவரில் இருக்கும் கறை கலைந்துபோகும், தூசி மட்டும் அதே இடத்தில் நிற்கும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், எஃப்/22-இல் சுத்தமாக ஒரு புள்ளியும் இல்லாத சென்சாரை யாரும் வைத்திருப்பதில்லை. எஃப்/8, எஃப்/11-இல் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

படத்தில் மேலே இடது மூலையில் தெரிந்தால் சென்சாரிலும் அங்கேதானே இருக்கும்?

இல்லை. பிம்பம் சென்சாரில் தலைகீழாக விழுகிறது. கேமராவை நிமிர்த்தி வைத்து லென்ஸை மாட்டும் வாய் (மவுண்ட்) வழியாக முன்பக்கத்திலிருந்து பார்த்தால் மேலே இருப்பது கீழே இருக்கும், இடம் வலம் மாறாது. அதாவது உங்கள் தூசி கீழே இடது மூலையில்.

வ்யூஃபைண்டரில் முடி மாதிரி ஒன்று தெரிகிறது, படத்தில் இல்லை. (டிஎஸ்எல்ஆர்)

வ்யூஃபைண்டருக்குக் கீழே இருக்கும் ஃபோகஸிங் ஸ்கிரீன் என்ற தகட்டில் இருக்கிறது. படத்தை ஒன்றும் செய்யாது. லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் மிரர் கண்ணாடியையும் ஸ்கிரீனையும் துடைக்கப் போகாதீர்கள், சீக்கிரம் கீறல் விழும்.

அண்ணா, நான் கல்யாணம் எடுக்கிறேன். ஹோமப் புகை, மேலே தூவும் கலர் பேப்பர், இதற்கு நடுவே லென்ஸ் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். அவசரத்துக்கு வாயால் ஊதலாமா? கேனில் வரும் காற்று வாங்கலாமா? (மதுரை)

இரண்டும் வேண்டாம் தம்பி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், தூசியாக இருந்தது கறையாகிவிடும். கேனைச் சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவமே பீய்ச்சிக்கொண்டு வரும். ரப்பர் பந்து மாதிரி இருக்கும் புளோயர்தான் உனக்கு. பெரிதாக வாங்கு, நுனியில் பிரஷ் இருந்தால் கழற்றி எறி. புதிதாக வாங்கியதும் வெளியே நாலு தடவை அமுக்கிவிடு, உள்ளே இருக்கும் ரப்பர் பொடி போகட்டும். கேமராவில் சென்சார் க்ளீனிங் மெனுவைப் போட்டு, மவுண்ட் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கீழிருந்து ஊது. நுனி மவுண்டுக்கு உள்ளே போகக் கூடாது. தூசி முக்கால்வாசி இதிலேயே போய்விடும்.

ஹோமப் புகை வேறு கதை. அதில் நெய்ப் பிசுக்கு இருக்கிறது, படிந்துவிட்டால் காற்றுக்கு அசையாது. முடிந்தால் ஹோமம் நடக்கும்போது லென்ஸையே மாற்றாதே, இரண்டு கேமரா பாடி இருந்தால் இரண்டிலும் ஒவ்வொரு லென்ஸை மாட்டி வைத்துக்கொள்.

ஈர ஸ்வாப் போட்டு நாமே துடைக்கலாமா, பயமாக இருக்கிறது.

செய்யலாம். நீங்கள் தொடப்போவது அந்த ஃபில்டர் கண்ணாடியைத்தான், அது நினைப்பதைவிட உறுதியானது. கெடுப்பதெல்லாம் அவசரமும் மணல் துகளும். அதனால் புளோயர் அடிக்காமல் ஸ்வாப்பை எடுக்கவே கூடாது, ஒரு மணல் மாட்டிக்கொண்டால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துவிடுவீர்கள். பேட்டரி முழுசாக ஏறியிருக்கட்டும், டிஎஸ்எல்ஆரில் பாதியில் மின்சாரம் நின்றால் மிரர் கண்ணாடி ஸ்வாப்பின் மேலேயே விழும். பொத்தானை அமுக்கியிருக்கும் வரை மட்டும் ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு துடைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

சென்சாரின் உயரத்துக்குச் சரியான அகலத்தில் ஸ்வாப் வாங்குங்கள், பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும், சொட்டச் சொட்ட நனைத்தால் ஓரத்தில் தேங்கிக் கோடு கோடாகக் காயும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் வந்த வழியே ஒரு இழுப்பு, அப்புறம் அந்த ஸ்வாப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். காசு போகிறதே என்று மறுபடி பயன்படுத்துவதில்தான் எல்லா வினையும். சென்சாரே அசைந்து நடுக்கத்தைக் குறைக்கும் பாடி என்றால் கை இன்னும் லேசாக இருக்கட்டும். காது குடையும் பட்ஸ், மூக்குக் கண்ணாடி துடைக்கும் திரவம், பனியன் துணி, எதுவும் வேண்டாம்.

பழைய நிக்கான் டி600 மலிவாகக் கிடைக்கிறது. அதில் சென்சார் பிரச்சினை என்கிறார்களே?

உண்மைதான். 2012-இல் வந்த பாடி. சுத்தம் செய்தாலும் புள்ளிகள் திரும்பத் திரும்ப வந்தன. 2013-இல் டி610 வந்தது, 2014-இல் நிக்கானே வாரண்டி முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரை மாற்றித் தருவதாக அறிவித்தது. விற்பவரிடம் ஷட்டர் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். எஃப்/16-இல் ஒரு வானம் எடுத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் அப்படியே தெரிகிறது. ராமேஸ்வரம், தனுஷ்கோடி போகிறோம், என்ன செய்ய?

சில பாடிகளில் ஆஃப் செய்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும், 2018-இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர் அப்படித்தான். உங்களுடையதில் உண்டா என்று மெனுவில் பாருங்கள். மூடிய ஷட்டர் இதழ்களில் விரலோ புளோயர் நுனியோ படக் கூடாது, அவை சென்சார் கண்ணாடியைவிட மெல்லியவை. தனுஷ்கோடியில் காற்றோடு மணலும் உப்பும் சேர்ந்து வரும். ஒரு ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு போய் அறைக்குத் திரும்பும் வரை கழற்றாமல் இருப்பதே நல்லது. அறையிலும் முதலில் ஃபேனை அணையுங்கள், பிறகு பாடியைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். லென்ஸின் பின்மூடியில் இருக்கும் தூசியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், அங்கிருந்தும் சென்சாருக்குப் போகும்.

இருட்டில் நீண்ட நேரம் எடுத்தால் சிவப்பு, நீலப் புள்ளிகள். இதுவும் தூசியா?

இல்லை, ஹாட் பிக்சல், அதாவது சென்சாரிலேயே தானாக ஒளிரும் புள்ளி. தூசி கறுப்பாக, ஓரம் மங்கித் தெரியும், ஒளிராது. துடைத்துப் பயனில்லை, மெனுவில் அந்தப் புள்ளிகளைக் கண்டு மறைக்கும் பிக்சல் மேப்பிங் இருந்தால் ஓட்டுங்கள்.

300 படம் எடுத்த பிறகுதான் புள்ளியைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழிக்க வேண்டுமா?

வேண்டாம். லைட்ரூம் மென்பொருளில் ஒரு படத்தில் புள்ளியை அழித்துவிட்டு (ஹீல்) அதையே மற்றவற்றுக்கும் ஒரே அடியாகப் போடுங்கள் (சிங்க்), தூசி எல்லாப் படத்திலும் அதே இடத்தில்தான் இருக்கும். முகத்தின் மேலோ புடவைக் கரையிலோ விழுந்த படங்களை மட்டும் தனியாகப் பாருங்கள், அங்கே சிங்க் செய்தது சில சமயம் அசிங்கமாக ஒட்டும். கேனான் வைத்திருந்தால் டஸ்ட் டிலீட் டேட்டா என்று மெனுவில் இருக்கும், நிக்கானில் டஸ்ட் ஆஃப் ரெஃப் போட்டோ. வெள்ளைத் தாளை ஒரு முறை எடுத்து வைத்தால் அந்தந்த நிறுவனத்தின் மென்பொருள் தானே அழித்துத் தரும். ஆனால் அந்தத் தாளை எடுத்த பிறகு சென்சாரைச் சுத்தம் செய்திருந்தால் பழைய டேட்டா ஆகாது, புதிதாக எடுங்கள்.