பக்கக் கதையில் எதை வைக்கக் கூடாது?

அன்புள்ள ஐயா,

எங்கள் வெப் சீரிஸின் முதல் சீசன் முடிந்துவிட்டது. அடுத்தது வர ஒரு வருடமாகும். அதுவரை யூடியூப், இன்ஸ்டாகிராம் என எல்லா இடத்திலும் அதே கிளிப்களைப் போடுகிறோம். பார்ப்பவர்கள் குறைகிறார்கள். காமிக்ஸ், பாட்காஸ்ட் தொடங்கலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தொடங்குங்கள். ஆனால் மூலக் கதையில் எதை, காமிக்ஸ், பாட்காஸ்ட் போன்ற பக்கக் கதைகளில் எதை வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

2003இல் 'மேட்ரிக்ஸ்' ஹாலிவுட் படக் குழு ஒரே செய்தியை மூன்று இடங்களில் ஓடவிட்டது. மனிதர்களின் நகரை நோக்கி இயந்திரப் படை தோண்டி வருவதைக் கண்ட ஒசைரிஸ் கப்பல் எச்சரிக்கை அனுப்புவது அனிமேஷன் குறும்படத்தில். அதை மீட்டெடுப்பது வீடியோ கேமில், ஆடுபவரின் வேலை. அதை வைத்து விவாதிப்பது இரண்டாம் பாகமான 'ரீலோடட்' படத்தில். கேமுக்கென்றே நடிகர்களை வைத்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் காட்சிகள் எடுத்தார்கள். பிரமாதமான திட்டம். ஆனால் அதே படத்தில் ஓர் இளைஞன், தன் உயிரைக் காப்பாற்றியவர் என்று நாயகன் நியோவையே சுற்றி வருகிறான். காரணம் இன்னொரு குறும்படத்தில் இருக்கிறது. டிக்கெட் மட்டும் வாங்கியவருக்கு அவன் யாரென்றே புரியாது.

'பாகுபலி' இந்தக் குழியில் விழவில்லை. 2015 ஜூலையில் எழுந்த கட்டப்பா கேள்விக்கு 2017 ஏப்ரலில் திரையில்தான் விடை. அதையொட்டி வந்த ஆனந்த் நீலகண்டனின் சிவகாமி நாவலும் அனிமேஷன் தொடரும் படத்துக்கு முந்தைய மகிழ்மதிக்குப் போயின. படித்தவருக்குக் கூடுதல் சுவை, படிக்காதவருக்கு நஷ்டமில்லை.

ஆகவே உங்கள் காமிக்ஸ் எட்டுப் பக்கம் போதும். துணைப் பாத்திரம் ஒன்றின் பழைய கதை. நாயகனின் கடந்த காலத்தைத் தொடாதீர்கள், இரண்டாம் சீசன் பிளாஷ்பேக் சப்பென்று ஆகிவிடும். பாட்காஸ்டில் பேட்டி வேண்டாம். பாத்திரங்களின் வாய்ஸ் மெசேஜ்களாக எழுதுங்கள். இன்ஸ்டாகிராமில் சீரிஸில் ஒரு நொடி தெரிந்த கடிதத்தை முழுதாகக் காட்டுங்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று வந்தால் போதும். தினமும் போட்டால் சிறிய குழு இரண்டே மாதத்தில் களைத்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஓர் ஏடு தயாரியுங்கள்: காலவரிசை, பெயர்களின் எழுத்து, எந்த ரகசியம் யாருக்கு எந்த எபிசோடில் தெரியவந்தது. இது இல்லாவிட்டால் ஓவியர் தழும்பை மறு கன்னத்தில் வரைந்துவிடுவார், ரசிகர்கள் அன்றே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்த சீசனின் முதல் எபிசோடு ஸ்கிரிப்டை, பக்கக் கதை எதையும் பார்க்காத ஐந்து பேரிடம் கொடுங்கள். "இது யார்?" என்று கேட்கும் இடத்தில் ஒரு வரி வசனம் சேருங்கள்.

நடிகர்களின் ஒப்பந்தத்தையும் பாருங்கள். முகச்சாயலைக் காமிக்ஸிலும் குரலைப் பாட்காஸ்டிலும் பயன்படுத்த அதில் அனுமதி இல்லையென்றால், வரையத் தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.