ஒட்டுக்கோடு தெரியும் வெள்ளிப் பதக்கம்: வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் 1660இல் மீண்டும் அரியணைக்கு வந்ததன் நினைவாக, டச்சுக் கலைஞர் பீட்டர் வான் அபீலே செய்த வெள்ளிப் பதக்கம் ஒரு பழங்காசுக் கடையின் இணையதளத்தில் விலைக்கு வந்திருக்கிறது. படத்தில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிகிறது. உள்ளே கூடு என்று கடைக்காரரே சொல்கிறார். ஹால்மார்க்கும் இல்லை. ஒட்டுக்கோடு இருந்தால் போலி என்பார்களே? - வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: பொதுவாக நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். இந்தப் பதக்கத்துக்கு மட்டும் அது பொருந்தாது. வான் அபீலே இரண்டு மெல்லிய வெள்ளித் தகடுகளைத் தட்டி உருவம் எழுப்பி, விளிம்பில் சேர்த்துப் பற்றவைப்பார். ஆகவே கூடாக இருப்பதுதான் முறை. கையில் எடுத்தால் கெட்டியாகக் கனக்கிறது என்றால்தான் உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பு நகலோ என்று யோசிக்க வேண்டும். ஹால்மார்க் இல்லாததும் குறையல்ல; அந்தக் காலப் பதக்கங்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

சுமார் 70 மில்லிமீட்டர் அகலம். ஒருபுறம் மன்னரின் மார்பளவு உருவம். மறுபுறம் பாய் விரித்த கப்பல்கள், மேலே எக்காளத்துடன் பறக்கும் புகழ்த்தேவதை. மன்னர் நெதர்லாந்தின் ஸ்கெவனிங்கன் கரையிலிருந்து புறப்பட்டதை டச்சு மொழியில் பொறித்து, ஜூன் 2 என்று தேதி போட்டிருக்கும். ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டியில் அது மே 23. தேதி இடிக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து மின்முலாம் முறையில் எடுத்த நகல், அதாவது மின்சாரத்தால் செம்பு ஓடாக உருவெடுத்து மேலே வெள்ளி பூசியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ராபர்ட் ரெடி பல காசுகளுக்கும் பதக்கங்களுக்கும் இப்படி நகல் எடுத்தார். பலவற்றின் விளிம்பில் அவர் பெயரின் முதலெழுத்து இருக்கும். இந்த வகை நகலும் இரண்டு ஓடுகளைச் சேர்த்ததுதான், அதனால் ஒட்டுக்கோட்டை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. மன்னரின் மூக்கு நுனி, கன்னம், தலைமயிர்ச் சுருளின் மேடு ஆகியவற்றை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேய்ந்த இடத்தில் செம்பு சிவந்து தெரிந்தால் விட்டுவிடுங்கள். பாய்மரக் கயிறுகள் மழுங்கி, பரப்பில் மணல் தெளித்ததுபோல் பொடிக்குழிகள் இருந்தால் அது வார்ப்பு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்திலும் இதே பதக்கம் உண்டு. அவர்களின் இணையப் படங்களோடு ஒப்பிடுங்கள்.

தயவுசெய்து உரைகல்லில் உரைத்துப் பார்க்க எந்த நகைக்கடையிலும் கொடுக்காதீர்கள், பளபளப்பாகத் தேய்க்கவும் விடாதீர்கள். முந்நூறு ஆண்டு தாண்டி வந்த பொருள். ஒரு கீறலே அதன் மதிப்பைக் குலைத்துவிடும். மேற்பரப்பு வெள்ளிதானா என்று அறிய, எக்ஸ்ரே பாய்ச்சி உலோகத்தைக் கண்டறியும் எக்ஸ்ரே ஒளிர்வுச் சோதனை (XRF) உதவும், அதில் பொருளுக்குச் சேதமில்லை.

பில்லில் “பழைய வெள்ளிப் பதக்கம்” என்று மட்டும் எழுத விடாதீர்கள். “வான் அபீலே, 1660, அசல்” என்றே எழுதி வாங்குங்கள். கடை வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ஆர்டரை ரத்துசெய்ய பிரிட்டனில் உங்களுக்கு உரிமை உண்டு. தனியாரிடம் வாங்கினாலோ, நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் எடுத்தாலோ அது கிடையாது. பில்லில் “அசல்” என்று எழுதித் தரக் கடைக்காரர் தயங்கினால் வாங்காதீர்கள். அரிய பதக்கம்தான், ஆனாலும் ஏலங்களில் மறுபடி வரும்.