கூட்டுப் பறவைகளின் தொற்று நோய்கள்: கேள்வி பதில்

நான் மிருக வைத்தியர் இல்லை. கல்லாற்றில் 25 வருடமாகப் புறாவும் லவ் பேர்ட்ஸும் வளர்க்கிறவன். எனக்குத் தெரிந்ததில் பாதி, பறவைகளைச் சாகக் கொடுத்துப் படித்தது. கோழி, வாத்து பற்றிய கேள்விகளுக்கு உங்கள் பிரதேச மிருக வைத்தியர் அலுவலகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

காத்தான்குடி: அண்ணே, புறா ஒன்று கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்குது. தானியத்தைக் கொத்தினா குறி தப்புது. எச்சமும் தண்ணியாப் போகுது. வீட்டில கண்ணூறு என்கினம்.

கண்ணூறு பாவம், அதை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வது பரமிக்சோ வைரஸின் அடையாளம். கோழிக்கு வரும் ராணிக்கட் நோயின் நெருங்கிய சொந்தக்காரன். மூளையையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். எச்சத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: நடுவில் சின்னப் புழுப்போல மலம், சுற்றிலும் தெளிந்த தண்ணீர் தேங்கி நிற்கும். அது வயிற்றோட்டம் இல்லை, சிறுநீர். வயிற்றோட்ட மருந்து கொடுத்துப் பயனில்லை.

வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. தனிக் கூட்டில் போடுங்கள். தட்டில் தானியம் வைத்தால் பட்டினி கிடக்கும். குறி தப்பி ஒரு மணிகூட வாய்க்குள் போகாது. நான் தேநீர்க் கோப்பையில் நாலு விரல் ஆழத்துக்குச் சோளமும் பயறும் நிரப்பி வைப்பேன். எங்கே கொத்தினாலும் தானியம்தானே. தண்ணீரும் ஆழமான பாத்திரத்தில். முதல் வாரம் வாயைத் திறந்து ஊறவைத்த பயறை ஊட்ட வேண்டி வரும். தாக்குப்பிடிக்கிற புறா ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தேறும். சிலதுக்குப் பயந்தால் மட்டும் கழுத்துத் திரும்பும், அது ஆயுளுக்கும் இருக்கலாம்.

கடைசியாக எப்போது புதுப் புறா வாங்கினீர்கள்? பதிலை எனக்கு எழுதத் தேவையில்லை. புதிதாக வரும் பறவை 40 நாள் தனியாக, வேறு பாத்திரத்தில், முடிந்தால் வேறு வளவில்.

மருதமுனை: புறாக் குஞ்சின் சொண்டிலும் கண் இமையிலும் பரு.

அம்மை. மாரியில் நுளம்பு கொண்டுவருகிறது. நுளம்பு வலை கட்டுங்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள்; வைரஸ் அதற்குள்தான் இருக்கிறது. மூன்று நாலு வாரத்தில் தானே விழும். வாய்க்குள்ளும் மஞ்சளாகப் படிந்திருந்தால் வைத்தியரிடம் போங்கள், அது கேங்கர் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியால் வரும் வாய்ப்புண்ணாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

அக்கரைப்பற்று: மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. கிளியிலிருந்து மனிதருக்குக் காய்ச்சல் வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சிட்டகோசிஸ் என்பார்கள். கிளமிடியா என்ற ஒரு வகைப் பக்டீரியா. காய்ந்த எச்சமும் இறகுத் தூசும் மூச்சில் போவதால் வரும். 1929 கடைசியில் அமெரிக்காவில் கிளி வாங்கிய வீடுகளில் இது பரவி, 1930 ஜனவரியில் ஜனாதிபதி ஹூவர் கிளி இறக்குமதியையே தடுக்க வேண்டி வந்தது. பறவை பார்வைக்குச் சுகமாக இருக்கும், ஆனாலும் கிருமியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதுதான் இதில் உள்ள சிக்கல்.

மனைவி கூட்டைத் துப்புரவு செய்யவே வேண்டாம். நீங்கள் செய்யும்போதும் தும்புத்தடியால் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மாஸ்க் போட்டு, கடதாசியோடு சுருட்டி எடுங்கள். வீட்டில் யாருக்காவது கடும் தலையிடியோடு காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் ஆஸ்பத்திரியில் கேட்கும்வரை காத்திருக்காமல் "வீட்டில் பறவை இருக்கு" என்று நீங்களே சொல்லுங்கள். மனிதருக்கு இது மருந்தால் மாறுகிற வருத்தம்தான்.

சம்மாந்துறை: வைரஸுக்கு மருந்தில்லை என்றீர்கள். என் புறாவுக்கும் கழுத்துத் திரும்பினது. டெட்ராசைக்கிளின் கப்சூலைப் பிரித்துத் தண்ணியில போட்டன். ரெண்டு மாதத்தில எழும்பிட்டுது.

அது பக்டீரியாவுக்கான மருந்து, வைரஸுக்கு இல்லை. ரெண்டு மாதத்தில் என் புறாவும் எழும்பியது, கப்சூல் இல்லாமல். பெயர் கப்சூலுக்கு, பாடு புறாவுக்கு.

சம்மாந்துறை (மறுபடி): அப்போ பார்மசியில ஏன் தாறாங்க?

மனிதருக்கு. அதுவும் வைத்தியர் எழுதின துண்டோடு.

வாழைச்சேனை: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மாரி தொடங்கினாலே எல்லா லவ் பேர்ட்ஸுக்கும் ஐந்து நாள் கப்சூல் தண்ணீர் வைக்கிறேன். வருமுன் காப்போம்தானே. ஒன்றும் சாகவில்லையே!

சரி, இதை ஒருதரம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கூட்டில் கணவாய் ஓடு தொங்குகிறதா? எல்லார் கூட்டிலும் தொங்கும், கடற்கரையில் சும்மா கிடைக்கிற சாமான். டெட்ராசைக்கிளின் வகை மருந்து கல்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பில் சேராது. நம் கிணறுகள் பலதில் சவர்க்காரமே நுரைக்காது; அந்தத் தண்ணீரிலும் அதே கல்சியம். வெயில் பட்டால் மருந்து கெடும். மீதிக் கைப்பு பறவையைக் குடிக்க விடாது. லவ் பேர்ட் நாளுக்குக் குடிப்பதே ஒரு தேக்கரண்டிதான். ஆக உள்ளே போவது, கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் பழக்கிவிடப் போதுமான அளவு. சிட்டகோசிஸுக்கு அதே குடும்பத்து டொக்சிசைக்கிளினை வைத்தியர் கொடுப்பது வழக்கமாக 45 நாள். நீங்கள் ஐந்து நாள் கொடுத்து எதைக் காத்தீர்கள்?

வாழைச்சேனை: ஆனா சாகவில்லையே அண்ணன்.

வராத வருத்தத்தில் யாரும் சாவதில்லை, தம்பி.

களுவாஞ்சிக்குடி: லவ் பேர்ட் நாள் முழுக்கச் சாப்பிடுது, மெலிந்துகொண்டே போகுது. என்ன கப்சூல் கொடுக்கலாம்?

கப்சூலா! கையில் பிடித்து நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்தி முனைபோலக் குத்துகிறதா? எச்சத்தில் முழுத் தினை கிடக்கிறதா? அப்படியென்றால் மெகாபக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். பெயரை நம்பாதீர்கள், அது பக்டீரியாவே இல்லை. இரைப்பையில் வளரும் ஈஸ்ட் வகைப் பங்கசு என்று 2003இல்தான் உறுதியானது. பங்கசுக்கு டெட்ராசைக்கிளின் ஒன்றும் செய்யாது. புது எச்சத்தை எடுத்துப் போங்கள், மைக்கிரோஸ்கோப்பில் பார்த்தால் நீளக் குச்சிபோலத் தெரியும். தெரியாவிட்டாலும் இல்லை என்று அர்த்தமில்லை, இன்னும் இரண்டு நாள் பாருங்கள். ஆம்போடெரிசின் பி என்ற மருந்து வைத்தியர் அளவு பார்த்து வாய்க்குள் கொடுப்பது.

ஏறாவூர்: குஞ்சுகளுக்குச் செட்டை இறகு கொட்டிக் கூட்டின் அடியில் ஓடித் திரியுதுகள். கப்சூல்...

இல்லை. வைரஸ். குஞ்சு பொரிக்க வைப்பதை நிறுத்துங்கள், பெட்டிகளைக் கழற்றுங்கள், ஒரு பறவையும் விற்காதீர்கள்.

கல்முனை: சொண்டைச் சுற்றித் தேன்கூடு போல வெள்ளையாகப் படியுது.

செதில் உண்ணி. ஐவர்மெக்டின், வைத்தியர் அளந்து கழுத்துத் தோலில் ஒரு துளி. மண்ணெண்ணெய் பூசினவர்கள் இனி எனக்கு எழுத வேண்டாம்.

திருக்கோவில்: இன்றுதான் கொக்கட்டீல் சோடி ஒன்று வாங்கினேன். பழைய லவ் பேர்ட்ஸ் கூட்டில் விடலாமா?

மேலே எழுதினதை வாசிக்கவில்லை, பரவாயில்லை. 40 நாள். முதலில் பழைய கூட்டுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, கடைசியில் புதுச் சோடிக்கு வையுங்கள்; கை கழுவாமல் மறுபடி பழைய பக்கம் போகாதீர்கள். முதல் கிழமையே புதுச் சோடியின் எச்சத்தை வைத்தியரிடம் கொடுத்துப் பரிசோதியுங்கள்.